மாணவர்களையும் துறை வழிகாட்டிகளையும் இணைக்கும் செயலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்களை வேலையில் இருக்கும் அனுபவசாலிகளோடு இணைக்க ஒரு செயலி செய்யலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். முன்னாள் மாணவர் சங்கங்கள், ப்ளேஸ்மென்ட் செல்கள், ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்ச நேரத்தை நல்ல காரியத்துக்கு ஒதுக்க நினைக்கும் ஐடி ஊழியர்கள், கடைசி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுபவர்கள் என்று எல்லாரும் இதில் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் உள்ள அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் படிக்கும் முதல் தலைமுறை மாணவர்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சென்னையின் பெரிய கல்லூரிகளுக்கு இதில் சில பொருந்தாமல் போகலாம்.

வாட்ஸ்அப் குழு போதாதா? தனியாக ஒரு செயலி எதற்கு?

30 மாணவர்கள், 15 வழிகாட்டிகள் என்ற அளவில் வாட்ஸ்அப்பும் ஒரு கூகுள் ஷீட்டும் தாராளமாகப் போதும். அப்படித் தொடங்குவதுதான் சரியும்கூட. யாருக்கு யார் பொருந்துவார் என்று ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டுப் பார்த்தால்தான், செயலி என்னென்ன கேட்க வேண்டும் என்பதே பிடிபடும்.

ஆள் சேரச் சேர, குழுவில் ஒரு சிக்கல் வரும். கேட்க வேண்டியவர் வாய் திறக்க மாட்டார். "எனக்கு ரெண்டு அரியர் இருக்கு, இன்டர்வியூவுக்குப் போகலாமா?" என்பதை 200 பேர் பார்க்கும் இடத்தில் யார் எழுதுவார்? ஒருவரோடு ஒருவர் தனியாகப் பேச ஓர் இடம் வேண்டும். எந்தப் பேச்சு தொடர்கிறது, எது பாதியில் நின்றது என்று கவனிக்கவும் யாராவது வேண்டும். செயலி இந்த இரண்டுக்காகத்தான்.

திறன் பயிற்சிக்கு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பாடமும் பணமும் ஓரளவு கிடைக்கின்றன. "இந்த வேலைக்குப் போனால் ஒரு நாள் எப்படி இருக்கும்?" என்று கேட்க வீட்டிலோ தெருவிலோ ஆள் இல்லாததுதான் பெரிய குறை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது சித்தப்பாவிடம் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

வடிவமைப்பில் எதை முதலில் எடுத்துக்கொள்வது?

முதல் செய்தியை. லோகோ, நிறம், டாஷ்போர்டு எல்லாம் அப்புறம்.

வழக்கமாக நடப்பது இது. மாணவர் "வணக்கம் சார்" என்று அனுப்புகிறார். பெரியவர் "சொல்லுப்பா" என்ற பிறகு விஷயத்தைச் சொல்வதுதான் அவர் பழகிய மரியாதை. வழிகாட்டி அதை ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் பார்க்கிறார். கேள்வி எதுவும் இல்லையே, வரட்டும் என்று விட்டுவிடுகிறார். இரண்டு மூன்று நாள் காத்திருந்த மாணவர், நம்மிடம் பேச அவருக்கு விருப்பமில்லை போல என்று நினைத்துச் செயலியை நீக்கிவிடுகிறார். இதில் இருவர் மேலும் தப்பில்லை. காலிப் பெட்டியைக் காட்டி "செய்தியை எழுதுக" என்று விட்ட திரைதான் காரணம்.

அந்த இடத்தில் மூன்று சிறு கேள்விகளை வையுங்கள்: என்ன படிக்கிறீர்கள், இப்போது எதில் குழப்பம், இவரிடம் எதைக் கேட்க வேண்டும். பதில்களைக் கோத்துச் செயலியே ஒரு செய்தியாக்கிக் காட்டட்டும். மாணவர் திருத்திக்கொள்ளலாம். முடிவில் போவது இப்படி இருக்கும்:

"வணக்கம். நான் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பி.எட். போவதா, டேட்டா வேலைக்குத் தயாராவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. உங்கள் வேலையில் ஒரு நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்று கேட்கலாமா?"

இதைப் பார்த்துப் பதில் போடாமல் இருப்பது கஷ்டம். பதிலும் எளிதாக இருக்க வேண்டும். வழிகாட்டி தனக்குத் தோதான நேரங்களை முன்பே குறித்து வைத்திருப்பார். செய்திக்குக் கீழே "ஞாயிறு காலை 10 மணி", "புதன் இரவு 8 மணி" என்று இரண்டு பட்டன்கள் வரட்டும். ஒன்றைத் தொட்டால் சந்திப்பு முடிவாகிவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். குரல் பதிவை முதல் நாளிலிருந்தே அனுமதியுங்கள். தமிழில் தட்டச்சு செய்யத் திணறும் மாணவர் பேசச் சொன்னால் தெளிவாகப் பேசுவார். அடுத்தது, "மாணவர்கள் உங்களை எப்படிக் கூப்பிடலாம்?" என்று வழிகாட்டியிடம் கேட்டு, அண்ணா, அக்கா, சார், மேடம், வெறும் பெயர் என்று அவர் சொன்னதை உரையாடலின் தலைப்பில் காட்டுங்கள். கேட்கத் தயங்கும் ஒரு விஷயம் அதோடு தீர்ந்துவிடும்.

பதிவுப் படிவத்தில் என்னவெல்லாம் கேட்கலாம்?

பொருத்தம் பார்க்கவும் பாதுகாப்புக்கும் தேவையானதை மட்டும். மாணவரிடம் பெயர், பிறந்த தேதி, மாவட்டம், படிப்பும் ஆண்டும், எந்த மொழியில் பேசச் சௌகரியம், எப்போது போன் கையில் இருக்கும், இப்போதைய குழப்பம் என்ன. வழிகாட்டியிடம் என்ன வேலை, எத்தனை ஆண்டு அனுபவம், என்ன படித்து எந்த வழியாக இந்த வேலைக்கு வந்தார், எத்தனை மாணவர்களுக்கு நேரம் தர முடியும்.

"எந்த வழியாக வந்தீர்கள்" என்பதை விட்டுவிடாதீர்கள். தமிழ்வழியில் படித்து, அரசு கலைக் கல்லூரி முடித்து, இரண்டு வருடம் பிபிஓவில் இருந்துவிட்டு டெஸ்டிங் வேலைக்கு மாறியவரின் கதை, ஐஐடியில் படித்தவரின் கதையைவிட இந்த மாணவருக்கு அதிகம் உதவும்.

'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள் வைக்காதீர்கள். நம் ஊரில் பெயரும் இனிஷியலும்தான். வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்துப் போட்டால் அப்பா பெயர் கடைசிப் பெயராகி, "ஹலோ முருகேசன்" என்று மகளுக்குச் செய்தி போகும்.

சாதியை எந்த வடிவிலும் கேட்க வேண்டாம். உதவித்தொகைப் படிவத்தில் இருக்கிறதே என்று 'கம்யூனிட்டி' கட்டத்தை இங்கேயும் இழுத்து வருபவர்கள் உண்டு. இங்கே அதற்கு வேலையே இல்லை. மறைமுகமாகவும் தெரியவிடக் கூடாது. சொந்த ஊர், தெரு, படித்த பள்ளி இவற்றிலிருந்து சாதியைக் கணிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எனவே இரு பக்கத்தாருக்கும் மாவட்டத்தை மட்டும் காட்டுங்கள். வழிகாட்டிகளுக்கான பயிற்சியிலும் "உங்க ஊர்ல எந்தத் தெரு?" போன்ற கேள்விகளைத் தவிர்க்கச் சொல்லி வெளிப்படையாக எழுதி வையுங்கள்.

மதிப்பெண்ணையும் அரியரையும் பதிவின்போது கேட்காதீர்கள். அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

பொருத்தம் பார்ப்பது எப்படி? எந்த அல்காரிதம்?

முதலில் தட்டிக் கழிக்க முடியாத நிபந்தனைகள்: இருவருக்கும் பொதுவான மொழி, ஒத்துவரும் நேரம், மாணவி பெண் வழிகாட்டிதான் வேண்டும் என்றால் அது, வழிகாட்டியிடம் காலி இடம். இதில் ஒன்று இடித்தாலும் அந்த ஜோடி பட்டியலுக்கே வரக் கூடாது. மிஞ்சியவற்றுக்கு மதிப்பெண் போடலாம். மாணவரின் கேள்வியும் வழிகாட்டியின் அனுபவமும் ஒத்துப்போவதற்கு அதிக எடை கொடுங்கள். வந்த வழி ஒத்துப்போவதற்கு அடுத்த எடை. ஒரே மாவட்டம் என்பதற்குக் கொஞ்சம். பொழுதுபோக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதெல்லாம் பத்துப் பொருத்தம் பார்ப்பது போல. மனதுக்குத் திருப்தி, பேச்சு தொடருமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

சேர்க்கை ஒரே நேரத்தில் நடக்கிறது, உதாரணமாக செமஸ்டர் தொடக்கத்தில் 300 மாணவர்கள், 120 வழிகாட்டிகள் என்றால், இரு பக்கத்தாரும் தரும் விருப்ப வரிசையை வைத்து ஜோடி சேர்க்கும் கேல்–ஷாப்லி முறையைப் பயன்படுத்தலாம். டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இல் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. அமெரிக்காவில் மருத்துவப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறையை ஆல்வின் ராத் 1990களில் திருத்தி அமைத்ததும் இதே வழியில்தான். ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

நடைமுறையில் இப்படி வேலை செய்யும். டேட்டா துறையில் இருக்கும் ஒருவருக்கு 2 இடம். மூன்று மாணவர்கள் அவரை முதல் விருப்பமாகப் போட்டிருக்கிறார்கள். அவருடைய வரிசைப்படி மேலே இருக்கும் இருவரைச் செயலி தற்காலிகமாக நிறுத்தி வைக்கும். மூன்றாமவர் தன் இரண்டாவது விருப்பத்துக்குப் போவார். அங்கே ஏற்கனவே தற்காலிகமாக நிற்பவரைவிட இவர் அந்த வழிகாட்டியின் வரிசையில் மேலே இருந்தால் இவர் நிற்பார், அவர் தன் அடுத்த விருப்பத்துக்கு நகர்வார். நகர யாரும் இல்லாதபோது எல்லாம் உறுதியாகும். அப்புறம், 'நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் இதைவிட விரும்பியிருப்போமே' என்று சொல்லக்கூடிய ஜோடி எதுவும் மிஞ்சாது. விண்ணப்பிக்கும் பக்கம் மாணவர்களாக இருப்பதால், விருப்பத்தை மாற்றிப் போட்டு ஆதாயம் தேட அவர்களுக்கு வழியும் இல்லை. உண்மையான விருப்பத்தை எழுதினாலே போதும்.

தினமும் ஒருவர் இருவராகச் சேரும் செயலிக்கு இவ்வளவு தேவையில்லை. நிபந்தனை வடிகட்டியும் எளிய மதிப்பெண்ணும் போதும்.

எல்லா வழிகாட்டிகளையும் காட்டி, மாணவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடலாமா?

விடலாம், ஆனால் எல்லாரும் பெரிய கம்பெனி பெயர் போட்டவரிடமே போய் நிற்பார்கள். அவர் திணறுவார். ஓசூரில் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கும் அருமையான ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார். மூன்று பேரை மட்டும் காட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் கீழே "ஏன் இவர்?" என்று ஒரு வரி: "இவரும் தமிழ்வழியில் படித்தவர், கணிதத்திலிருந்து டேட்டா வேலைக்கு வந்தவர்." கம்பெனி பெயரை அந்தத் திரையில் காட்டாமல் வேலையைக் காட்டலாம் என்பது என் உறுதியான கருத்து. தேர்ந்தெடுத்த பிறகு பெயர் தெரிந்தால் போதும்.

ஏஐ வைத்துப் பொருத்தலாமா?

மாணவர் எழுதியதைப் படித்து எந்தத் துறைக் கேள்வி என்று வகைப்படுத்தவும், பேச்சுத் தமிழிலோ ஆங்கில எழுத்திலோ எழுதியதைப் புரிந்துகொள்ளவும் ஏஐ மொழி மாதிரிகள் (லாங்குவேஜ் மாடல்கள்) உதவும். யாரை யாரோடு சேர்ப்பது என்ற கடைசி முடிவு மட்டும் விளக்கிச் சொல்லக்கூடிய விதிகளிலேயே இருக்கட்டும். "எனக்கு ஏன் இவர்?" என்று மாணவர் கேட்டால் ஒரு வரியில் பதில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

முன்பின் தெரியாத பெரியவரை இளையவரோடு தனியாகப் பேச வைக்கிறீர்கள். எனவே மற்ற எதையும்விட அதிகமாக.

2021 அக்டோபரில் தில்லி அரசு 'தேஷ் கே மென்டர்' திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களைத் தன்னார்வ வழிகாட்டிகளோடு ஒரு செயலி மூலம் இணைத்து, போனில் தொடர்ந்து பேச வைக்கும் திட்டம். அடுத்த ஜனவரியில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், குறைகளைச் சரிசெய்யும் வரை அதை நிறுத்தி வைக்கச் சொன்னது. ஆணையம் எழுப்பிய கேள்விகளை இந்தத் துறையில் இறங்கும் எவரும் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே பாலினத்தவரை வழிகாட்டியாகப் போட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மனநிலைத் தேர்வு வைப்பது போலீஸ் சரிபார்ப்புக்கு ஈடாகாது. பேச்சு போனில்தானே நடக்கிறது என்று சமாதானம் சொல்லவும் முடியாது. நோக்கம் நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் சரிபார்ப்பு முதலில் வந்திருக்க வேண்டும்.

வடிவமைப்பில் இதற்கு என்ன செய்யலாம்? வழிகாட்டியின் அடையாளச் சான்று, வேலை பார்க்கும் இடத்து மின்னஞ்சல், அவரை அறிந்த இருவரின் பரிந்துரை, பத்து நிமிட நேரடிப் பேச்சு: இவை முடியும் வரை அவர் எந்த மாணவரின் பெயரையும் பார்க்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு பேசப்போகிறவருக்குப் போலீஸ் சரிபார்ப்பும் வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். தொலைபேசி எண்களை இரு பக்கமும் மறைத்து அழைப்பை இணைக்கும் சேவைகள் இருக்கின்றன. டாக்ஸி செயலிகளில் பார்த்திருப்பீர்கள். பொது இடத்தில்கூட நேரில் சந்திப்பது கல்லூரி ஏற்பாடு செய்தால் மட்டுமே என்று விதி போடுங்கள்.

ஒவ்வொரு உரையாடலிலும் கண்ணில் படும் இடத்தில் "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்ற பட்டன் இருக்கட்டும். 'புகார்' என்று பெயர் வைத்தால் தொடவே பயப்படுவார்கள். அதைத் தொட்டால் பெயர் தெரிந்த ஒரு மனிதர் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்ஸோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். வழிகாட்டிக்கும் உங்களுக்கும் அது பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416 இரண்டையும் உதவித் திரையில் வையுங்கள். மாணவர் மனமுடைந்து பேசினால் வழிகாட்டியே ஆலோசகராகிவிடாமல், யாரிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள்தானே, சிறார் சட்டமெல்லாம் எதற்கு?

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும்போது நிறையப் பேருக்கு 17 வயதுதான். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்களுடைய நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. இன்று வடிவமைப்பவர் அதை இப்போதே சேர்த்துவிடுவது நல்லது.

எளிய வழி, முதல் சுற்றில் 18 முடித்தவர்களை மட்டும் சேர்ப்பது. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பிறந்த தேதியைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

மாணவிகள் பதிவு செய்கிறார்கள், ஆனால் பேச வருவதில்லை. ஏன்?

வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவார் என்று யோசியுங்கள். ஒரே அறையில் எல்லாரும் இருப்பார்கள். வீடியோவில் முகம் தெரியாத ஒருவர் வந்தால் அப்பா கேட்பார், அண்ணன் கேட்பார். எனவே வீடியோவைக் கட்டாயமாக்காதீர்கள். குரல் அழைப்பு போதும். நேரத்தைக் கல்லூரி வேளையிலும் வைக்க வழி கொடுங்கள்; மதிய இடைவேளையில் நூலகத்துக்கு வெளியே நின்று பேச முடியும்.

வீட்டாருக்கென்று ஒரு பக்கம் தமிழில் எழுதி, மாணவி அனுப்பக்கூடிய இணைப்பாகக் கொடுங்கள். யார் நடத்துகிறார்கள், யார் பேசுவார்கள், எதைப் பற்றி, கல்லூரியில் யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அதில் இருக்கட்டும். பேராசிரியர் பெயரைப் பார்த்தால் பல வீடுகளில் பாதிக் கவலை போய்விடும். அம்மா ஒருமுறை வழிகாட்டியோடு பேசிவிட்டால் மீதியும் போய்விடும். ஆகவே, முதல் அழைப்பில் வீட்டார் ஒருவர் உடன் இருக்கலாம் என்பதைச் செயலியே சொல்லட்டும்.

செயலி தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில் திறந்து, ஒரு தொடுதலில் ஆங்கிலத்துக்கு மாறும்படி. கலந்து எழுதினாலும் ஏற்க வேண்டும். ரெஸ்யூம், இன்டர்வியூ, இன்டர்ன்ஷிப் எல்லாம் தமிழ் எழுத்தில் அப்படியே இருக்கட்டும். 'தன்விவரக் குறிப்பு' என்று எழுதினால் மாணவர் இது ஏதோ வேறு ஆவணம் என்று நினைப்பார். அதே போல "கோரிக்கையைச் சமர்ப்பிக்கவும்" என்ற பட்டனுக்குப் பதில் "பேச நேரம் கேள்" என்பது குட்டையாகவும் இருக்கிறது, என்ன நடக்கும் என்றும் சொல்கிறது.

தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் அடங்காது. கு, மூ போன்றவை கீழே இறங்குவதால் வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு யூனிகோடு எழுத்துருவைப் போட்டு, விலை குறைந்த போனில் வெயிலில் நின்று படித்துப் பாருங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பினால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு; தமிழில் அனுப்பினால் 70தான். அதிலும் 'கி' என்பது க, இகரக் குறி என இரண்டாகக் கணக்காகும். "நாளை காலை 10 மணிக்கு உங்கள் வழிகாட்டியோடு பேச்சு" என்பதற்கு மேல் அதிகம் அடங்காது. செய்தியின் வார்ப்புருவை (டெம்ப்ளேட்) முன்கூட்டியே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி பதிவு செய்யவும் வேண்டும்.

அறிவிப்பே வரவில்லை என்கிறார்களே?

பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி மிச்சப்படுத்தும் ஏற்பாடு, பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். அதோடு அறிவிப்பும் நின்றுவிடும். புஷ் அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள். சந்திப்புக்கு முந்தைய நாள் வாட்ஸ்அப் அல்லது எஸ்எம்எஸ், அன்று ஒரு மணி நேரம் முன்னால் இன்னொன்று.

போன் அப்பாவுடையதாகவும் இருக்கலாம். பூட்டிய திரையில் மாணவரின் கேள்வி முழுசாகத் தெரியக் கூடாது. "உங்களுக்கு ஒரு செய்தி" என்பது போதும். செயலியைத் திறக்க நான்கு இலக்கப் பின் நம்பர் வைக்க வசதி கொடுங்கள். சேமிப்பிடம் நிரம்பிய போன்களுக்காக, நிறுவாமல் பிரவுசரிலேயே ஓடும் வடிவமும் வேண்டும்.

ஒரு வழிகாட்டல் எத்தனை நாள் நீடிக்க வேண்டும்?

காலத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு செமஸ்டர், மாதம் இரண்டு முறை, அரை மணி நேரம். இருவரும் அதற்கு ஒப்புக்கொண்டு தொடங்கட்டும். விருப்பமிருந்தால் முடிவில் நீட்டிக்கலாம்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சிறார்களைத் தன்னார்வ வழிகாட்டிகளோடு இணைக்கும் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் சிறார்களை வைத்து ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவர்களிடம் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. அவர்கள் நம் மாணவர்களைவிட இளையவர்கள், சூழலும் வேறு. ஆனாலும் பாதியில் கைவிடப்பட்டால் மனம் புண்படும் என்பது எங்கும் உண்மைதான். ஒரு வருடம் வருகிறேன் என்று சொல்லி ஒரு மாதத்தில் நிற்பதைவிட, நான்கு மாதம் என்று சொல்லி நான்கு மாதம் வருவது மேல்.

முடிவுக்கும் ஒரு திரை வேண்டும். கடைசிச் சந்திப்பில் இருவரும் ஆளுக்கு ஒரு பத்தி எழுதி, மற்றவருக்கு அனுப்பட்டும். அந்தப் பத்தி மாணவரிடம் தங்கும்.

வழிகாட்டி பதில் சொல்லாமல் போனால்?

மூன்று நாளில் நினைவூட்டல். ஐந்தாம் நாள், செயலியை நடத்தும் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து போன். ஏழாம் நாள் மாணவருக்குச் செயலியே சொல்ல வேண்டும்: "இவருக்கு இப்போது நேரம் அமையவில்லை. உங்கள் கேள்வியில் எந்தக் குறையும் இல்லை. இதோ வேறு இருவர்." இந்த மூன்று வாக்கியங்களை நன்றாக யோசித்து எழுதுங்கள். மௌனத்தை மாணவர் தன் மேல் போட்டுக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய அநியாயம்.

வழிகாட்டிக்கு "இந்த மாதம் முடியாது" என்ற பட்டன் ஒன்று கொடுங்கள். ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரம், வீட்டில் உடம்பு சரியில்லை, எதுவாகவும் இருக்கலாம். சொல்லிவிட்டுப் போக வழி இருந்தால் சொல்வார்கள். இல்லாவிட்டால் சங்கடத்தில் காணாமல் போவார்கள். ஆரம்பத்தில் ஒரு வழிகாட்டிக்கு இரண்டு மாணவர்களுக்கு மேல் வேண்டாம், அவரே ஐந்து கேட்டாலும்.

நட்சத்திர மதிப்பீடு வைக்கலாமா?

வேண்டாம். மாணவர் எல்லாருக்கும் ஐந்தே போடுவார். பெரியவருக்கு மூன்று போட மனம் வராது. "அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சு பயன்பட்டதா என்பது அந்தப் பதிலில் தெரியும்.

பணம் எங்கிருந்து வரும்?

மாணவரிடம் வாங்கக் கூடாது. கல்லூரி, முன்னாள் மாணவர் சங்கம், நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி ஆகியவைதான் வழி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஊழியர்கள் தன்னார்வமாகத் தரும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்தச் செலவில் சேர்க்க முடியாது. நிறுவனத்திடம் பேசும்போது ஊழியர் நேரத்தையும் நிதியையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

செயலி நன்றாகப் போகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டாவது சந்திப்பு. முதல் சந்திப்பு ஆர்வத்தில் நடந்துவிடும். இரண்டாவதும் நடந்தால் இருவருக்கும் அதில் ஏதோ கிடைத்திருக்கிறது. முதல் பதில் வர எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் பாருங்கள். மாணவிகள், தமிழ்வழியினர், சிறு ஊர்க்காரர்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் யாரை விட்டுவிட்டோம் என்று தெரியும். எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்பது நிகழ்ச்சி மேடையில் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

கடைசி ஆண்டு புராஜெக்டாகச் செய்கிறோம். நான்கு பேர், நான்கு மாதம். எதுவரை செய்ய முடியும்?

லாகின், முதல் செய்தித் திரை, நேரம் குறிப்பது, நினைவூட்டல், "சரியாகப் படவில்லை" பட்டன், ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு பட்டியல். இவ்வளவு போதும். செயலிக்குள்ளேயே வீடியோ, பாயின்ட்ஸ், பேட்ஜ், சாட்பாட் எதுவும் வேண்டாம். பொருத்தத்தை முதல் சுற்றில் உங்கள் துறைப் பேராசிரியரோடு உட்கார்ந்து கையால் செய்யுங்கள்.

கோடு எழுதும் முன் திரைகளைக் காகிதத்தில் வரைந்து, உங்கள் கல்லூரியிலேயே முதல் ஆண்டில் படிக்கும் ஐந்து பேரிடம் ஒவ்வொருவராகக் கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே விரல் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பெரிய குறைகள் அதிலேயே வெளிவந்துவிடும். அப்புறம் பத்து ஜோடிகளோடு ஒரு மாதம் நடத்துங்கள். ஜோடிகளைக் குறித்து வைக்கும் கூகுள் ஷீட்டில் 'அடுத்து எப்போது பேசுகிறார்கள்' என்று ஒரு தலைப்பு இருக்கட்டும். அந்தக் கட்டம் யாருக்குக் காலியாக இருக்கிறதோ, அவர்களுக்கு வாரம் ஒருமுறை நீங்களே போன் செய்து காரணம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த சுற்றுக்கு எந்தத் திரையை மாற்ற வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.